ஒரே மழைத் தரவுக்கு இரண்டு ஓராய எண்கள் ஏன்?

கிளிநொச்சியின் 12 மாத மழைவீழ்ச்சிக்குப் பைதன் நிரல்மொழியில் சைப்பை என்ற நிரல்தொகுப்பு ஓர் ஓராயமும் (தரவு ஒரு பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற அளவு), பண்டாஸ் என்ற இன்னொன்று அதைவிடப் பெரிய ஒன்றும் தருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான்.

ஒவ்வொரு மாதப் பெறுமானத்திலிருந்தும் இடையை, அதாவது எல்லா மாதங்களின் சராசரியைக் கழித்து, கனமாக்கி, அவற்றின் சராசரியை நியம விலகலின் (பெறுமானங்கள் இடையிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவின்) கனத்தால் வகுப்பதோடு சைப்பை நின்றுவிடும். பண்டாஸ் சிறு மாதிரிக்கான திருத்தத்தையும் சேர்க்கும். 12 பெறுமானங்களுக்கு அது √132 ÷ 10, அதாவது ஏறக்குறைய 1.149 மடங்கு. சைப்பையில் 'பயஸ்' என்ற தெரிவை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள், ஒத்துப்போகும். அப்புறம், ஒரு மாதம் விடுபட்டிருந்தால் பண்டாஸ் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். சைப்பை எண் எதுவும் தராமல் கையை விரித்துவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிளிநொச்சி இருக்கும் வன்னியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் மழை கொட்டும். அந்தச் சில பெரிய எண்கள் தரவைப் பெரிய பெறுமானங்களின் பக்கம் இழுக்கும், எனவே விடை நேர் எண்ணாக வரவேண்டும். எதிர் எண் வந்தால் முதலில் தரவைத்தான் சந்தேகிப்பேன்.