பரம்பரையே பருமன் என்றால் பிள்ளையின் எடை குறையவே குறையாதா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, எடை 76 கிலோ. அவள் அப்பா, அத்தை, அப்பத்தா எல்லாரும் பருமன்தான். அதே வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடும் தம்பி ஒல்லியாக இருக்கிறான். டயட் இருந்து நான்கு கிலோ குறைத்தாள், இப்போது திரும்ப ஏறிவிட்டது. ஜீன்தான் காரணம் என்றால் இனி முயற்சி செய்து பயன் உண்டா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: பயன் உண்டு. டெஸ்ட் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான ஹார்மோன் கிளினிக் ஒன்றில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டதை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் வாராவாரம் கேட்கிறேன். "எங்க வீட்டுக்காரர் வம்சமே இப்படித்தான் மேடம், தண்ணி குடிச்சாலும் உடம்பு போடும்" என்று அம்மா சொல்வார். பக்கத்தில் பிள்ளை துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் பேசத் தோன்றும்.

அம்மா சொல்வதில் உண்மை நிறையவே இருக்கிறது. 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டென்மார்க்கில் தத்துப் போய் வளர்ந்த 540 பேரைப் பார்த்தார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 2008-இல் இங்கிலாந்தில் 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துச் சொச்சம் இரட்டையர் ஜோடிகளை வைத்துக் கணக்கிட்டபோது, பிள்ளைக்குப் பிள்ளை பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) வேறுபடுவதில் சுமார் 77 சதவீதத்துக்கு மரபு காரணம் என்று வந்தது.

இந்த எண்ணைக் கேட்டதும் பலர் சோர்ந்துபோகிறார்கள். உங்கள் மகளின் 76 கிலோவில் முக்கால்வாசியை ஜீன் போட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரிச் சூழலில் வளரும் பிள்ளைகளில் ஒருவர் குண்டாகவும் ஒருவர் ஒல்லியாகவும் இருக்கிறார்களே, அந்த வித்தியாசத்தில் மரபின் பங்கு அவ்வளவு. சூழல் மாறினால் எல்லாருடைய எடையும் சேர்ந்தே மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 1990-இல் 2 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2022-இல் 8 சதவீதம். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் மனித ஜீன் மாறிவிடவில்லை. கடைத்தெரு மாறியது, தட்டு மாறியது, சாயங்கால விளையாட்டு டியூஷனாக மாறியது.

சரி, எடை குறைவதிலும் ஜீனுக்குப் பங்கு உண்டா? உண்டு. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் க்ளோட் பூஷார் குழுவினர் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரான இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 1990-இல் வெளியான சோதனையில் 12 ஜோடிகளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 84 நாள். கூடியது ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1994-இல் வெளியான சோதனையில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். 7 ஜோடிகளுக்குச் சாப்பாட்டை ஒரே அளவில் வைத்து, 93 நாள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 1 கிலோவிலிருந்து 8 கிலோ வரை எடை குறைந்தது. அதிலும் ஜோடிக்குள் ஒற்றுமை தெரிந்தது.

ஒரே உழைப்புக்கு ஒருவருக்கு 1 கிலோ, இன்னொருவருக்கு 8 கிலோ. உங்கள் மகளைத் தோழியோடு ஜும்பா வகுப்பில் சேர்த்துவிட்டு, "அவ மட்டும் எப்படிக் குறைச்சா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அந்தக் குழந்தையிடம் பதில் கிடையாது.

இந்த ஜீன்கள் உடம்பில் எங்கே வேலை செய்கின்றன என்பதுதான் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. "மெட்டபாலிசம் ஸ்லோ" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பருமனோடு தொடர்புடைய ஜீன்களில் பெரும்பகுதி மூளையில், பசியையும் நிறைவையும் கவனிக்கும் இடங்களில் வேலை செய்கிறது. 2007-இல் கண்டுபிடித்த எஃப்டிஓ என்ற ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு வகை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால், அது இல்லாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருக்கும். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தில் 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, இந்த வகை இருந்தவர்கள் எரிக்கும் சக்தியில் குறைவு ஏதும் தெரியவில்லை. உணவை முன்னால் வைத்தபோது அவர்கள் கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இதை நம் வீட்டு அடுப்படியிலேயே பார்க்கலாம். ஒரே மாவு, ஒரே கல். தம்பி இரண்டாவது தோசையில் ஓரத்தை விட்டுவிட்டு எழுந்து ஓடுவான். "இன்னும் ஒண்ணு வெச்சுக்கடா" என்று நெய்க் கிண்ணத்தோடு பின்னால் போவோம். அக்கா மூன்றை முடித்துவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "போதும், எந்திரி" என்போம். அவனுக்கு வயிறு நிறைந்தது என்ற செய்தி இரண்டாவது தோசையிலேயே வந்துவிட்டது. அவளுக்கு மூன்றாவதிலும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் புத்தகப் பைக்குள்ளோ தலையணைக்கு அடியிலோ பிஸ்கட் காகிதம் கிடைக்கும். "திருட்டுத்தனமா திங்கிறா மேடம்" என்று என்னிடம் வந்து அம்மாக்கள் அழுவார்கள். பசியைச் சொன்னால் திட்டு விழும் வீட்டில் பிள்ளை ஒளித்துத்தான் சாப்பிடும்.

பசி எவ்வளவு தூரம் உடம்பின் கையில் இருக்கிறது என்பதற்கு கேம்பிரிட்ஜில் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமியைச் சொல்லலாம். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்கு "கையிருப்பு போதும்" என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் அவளுக்குப் பிறவியிலேயே சுரக்கவில்லை. 9 வயதில் 94 கிலோ. ஸ்டீபன் ஓராஹிலி, சதாஃப் ஃபாரூக்கி குழுவினர் அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. 1999-இல் இது வெளியானது. அதற்கு முன்னால் அந்தக் குழந்தையை எத்தனை பேர் தின்னிப்பண்டாரம் என்று சொல்லியிருப்பார்களோ! இந்தக் குறைபாடு மிக மிக அபூர்வம். உங்கள் மகளுக்கு இருக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பசி என்பது குணத்தோடு சம்பந்தப்பட்டது என்ற எண்ணத்தை இந்த ஒரு குழந்தையே உடைத்துவிட்டாள்.

இப்போது உங்கள் மகளுக்குத் திரும்பி வந்த அந்த நான்கு கிலோ. ஜெர்மனியில் டாட்டெல்ன் என்ற ஊரில் பருமனான பிள்ளைகளுக்காக ஒரு வருடப் பயிற்சித் திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த 514 பிள்ளைகளில், பசியை அடக்கும் எம்சி4ஆர் என்ற ஜீனில் கோளாறு இருந்தவர்களைத் தனியாகக் கவனித்தார்கள். பயிற்சி நடந்த வருடத்தில் அவர்களும் மற்றவர்கள் போலவே குறைத்தார்கள். பயிற்சி முடிந்த அடுத்த வருடத்தில்தான் வித்தியாசம் வந்தது. குறைத்ததை அவர்களால் தக்கவைக்க முடியவில்லை.

என் அனுபவத்தில், அப்படிப்பட்ட பெரிய கோளாறு எதுவும் இல்லாத சாதாரணப் பிள்ளைகளிடமும் இதே போக்கைப் பார்க்கிறேன். எடை குறைந்தால் லெப்டினும் குறைகிறது, மூளை பசியைக் கூட்டுகிறது. கூடிய பசியை மன உறுதியால் மட்டும் அடக்குவது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான்; கொஞ்ச நேரம் முடியும். அதனால் மூன்று மாதத்தில் முடியும் டயட்டை நான் எழுதித் தருவதே கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்த வீடு தாங்கக்கூடிய மாற்றத்தை மட்டும் கேட்கிறேன்.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. 2016-இல் 8 சோதனைகளில் கலந்துகொண்ட 9563 பெரியவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, எஃப்டிஓவின் பாதகமான வகை இருந்தவர்களும் உணவு, உடற்பயிற்சி, மருந்து எதிலும் மற்றவர்கள் அளவுக்கே எடை குறைத்திருந்தார்கள். வளரிளம் பருவத்தினரைப் பற்றி ஐரோப்பாவில் நடந்த ஹெலனா ஆய்வில், தினம் ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாடிய பிள்ளைகளிடம் அதே ஜீனின் பாதிப்பு மிகவும் குறைந்திருந்தது. பத்தாம் வகுப்பு வந்ததும் பிடி பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரே, அதனால் அதிகம் பாதிக்கப்படுவது இந்த மரபோடு பிறந்த பிள்ளைகள்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்? அவளுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டாம். தம்பிக்கு சிப்ஸ், அவளுக்கு வெள்ளரிக்காய் என்று வைத்தால் எந்தப் பிள்ளையும் தாங்காது. மிக்சர் டப்பாவை மேல் அலமாரியில் ஒளிப்பதைவிட வாங்காமல் இருப்பது நல்லது, எல்லாருக்கும் சேர்த்துத்தான். பள்ளி விட்டு வரும் நாலரை, ஐந்து மணிப் பசிதான் மிகப் பெரியது. அந்த நேரத்துக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ தயாராக இருந்தால் அன்றைய நாளில் பாதி வேலை முடிந்தது. காலை இட்லி, தோசையோடு பருப்பு நிறைந்த சாம்பார், பயறு, முட்டை என்று புரதம் கூடட்டும். வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். சத்து மாவு என்று பாலில் கலந்து கொடுக்கும் இனிப்புப் பொடியை நிறுத்துங்கள். இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கட்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். தினமும் எடை பார்க்க வேண்டாம்.

எடையைவிட முக்கியமாக, கழுத்தின் பின்புறம் அழுக்கு போலக் கருத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்தால் போகாது, தேய்க்கவும் வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். பூப்பெய்தும் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் வேகம் இயல்பாகக் கொஞ்சம் குறையும்; பருமனும் குடும்பத்தில் சர்க்கரை நோயும் சேர்ந்தால் பாரம் கூடிவிடும். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை இரண்டு கிலோவே குறைந்திருந்தாலும், கழுத்துக் கருப்பு மங்கி, மாதவிடாய் சீராகி, படியேறும்போது மூச்சு வாங்காமல் இருந்தால் அதை நான் வெற்றி என்றே எழுதுவேன்.

அடுத்து ஜீன் டெஸ்ட். எச்சிலை அனுப்பினால் உங்கள் ஜீனுக்கேற்ற டயட் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, அதில் பணம் போடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 609 பெரியவர்களை ஒரு வருடம் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு குறைந்த உணவு யாருக்குப் பொருந்தும், மாவுச்சத்து குறைந்த உணவு யாருக்குப் பொருந்தும் என்று ஜீனை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் எழுதும் டெஸ்ட் வேறு. ஐந்து வயதுக்கு முன்பே எடை தாறுமாறாக ஏறியிருந்தால், அடக்கவே முடியாத பசி இருந்தால் அதை யோசிக்க வேண்டும். பிறந்தபோது பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்து, பிறகு தீராப் பசி வந்தாலும், ஆறாவது விரலோ மாலைக்கண் போன்ற பார்வைக் குறையோ இருந்தாலும், படிப்பும் பேச்சும் பின்தங்கியிருந்தாலும் கட்டாயம் கேளுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவு என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். லெப்டின் குறைபாடு போன்றவை இரண்டு பக்கமும் ஒரே பிழை வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். இந்த வகைகளில் சிலவற்றுக்கு இப்போது தனி மருந்தே வந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செட்மெலனோடைட் ஒன்று. அதனால் இவர்களுக்கு மட்டும் டெஸ்டின் முடிவு சிகிச்சையையே மாற்றும்.

உயரத்தையும் கவனியுங்கள். சாதாரணப் பருமனில் பிள்ளை வயதுக்கேற்ற உயரமோ கூடுதலோ இருக்கும். எடை ஏற ஏற உயரம் நின்றுபோயிருந்தால் தைராய்டு, மற்ற ஹார்மோன்களை உடனே பார்க்க வேண்டும்.

குழந்தை மருத்துவரிடம் போகும்போது பழைய தடுப்பூசி அட்டையையும் பள்ளி மருத்துவப் பரிசோதனை அட்டையையும் தேடி எடுத்துப் போங்கள். பிறந்த எடை, இரண்டு வயதில், ஐந்து வயதில் இருந்த எடை, உயரம் எல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். அவற்றை வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துப் பார்த்தாலே, எடை எந்த வயதில் ஏறத் தொடங்கியது, டெஸ்ட் தேவையா என்பது அவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும்.