ஹார்ட் ஃபெயிலியர் உள்ள அப்பாவுக்கு உப்பைக் குறைத்து எப்படிச் சமைப்பது? இந்துப்பு போடலாமா?

முதலில் இந்துப்பு. அதனால் ஒரு லாபமும் இல்லை. கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறமும் விலையும்தான் வேறு. அதைவிடக் கவனிக்க வேண்டியது கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பு. அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். இதய நோயாளிகள் சாப்பிடும் ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நானும் ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கி வந்தவன்தான், அப்பாவின் மருந்துச் சீட்டைப் பார்த்த டயட்டீஷியன் தொடவே கூடாது என்றுவிட்டார்.

அப்பாவுக்கு எக்கோ ஸ்கேனில், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 30 சதவீதம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே கால் வீங்கிவிட்டது. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் விழுந்த குழி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்கினார். "குழம்புல உப்பே போடலையேடா" என்று அம்மா அழாத குறை. உண்மைதான், குழம்பில் இல்லை. ஆனால் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று தினமும் இரண்டு அப்பளம், இரண்டு மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் சோடியம்தான், மோர்மிளகாய் உப்பு மோரிலேயே ஊறிக் காய்ந்தது. போதாததற்கு வயிறு உப்புசம் என்று தண்ணீரில் கலக்கினால் நுரைத்து வருமே, அந்தத் தூளையும் குடித்திருக்கிறார். அதுவும் சோடா உப்புதான். சோடியம் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாது, நுரையீரலிலும் காலிலும் தேங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

எங்களுக்குச் சொன்ன அளவு நாளைக்கு 2 கிராம் சோடியம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு, தலைதட்டி ஒரு டீஸ்பூன். பாலிலும் கீரையிலும் இயல்பாகவே கொஞ்சம் இருப்பதால் அம்மா காலையிலேயே முக்கால் ஸ்பூனை ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு வைத்துவிடுவார், அப்பாவுக்கு நாள் முழுக்க அதிலிருந்துதான். இட்லி மாவை உப்பில்லாமலே புளிக்க வைத்து அவர் பங்கைத் தனியாக எடுத்துவிடுகிறோம், நன்றாகவே பொங்குகிறது. சப்பாத்தி மாவில் உப்பை நிறுத்தியதை யாரும் கண்டுபிடிக்கவில்லை! பொரியலுக்கு வேகும்போது போடாமல் இறக்கிய பிறகு மேலே தூவினால் கொஞ்ச உப்பே நாக்குக்குப் போதும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, வறுத்து அரைத்த மல்லி இதெல்லாம் தாராளமாக. முதல் மாதம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. அப்புறம் நாக்கு பழகிவிட்டது, இப்போது ஹோட்டல் சாம்பார் அவருக்குக் கரிக்கிறது.

அதற்காக உப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று பட்டினி போடாதீர்கள். 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 1500 மில்லிகிராமுக்கும் கீழே சோடியத்தைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தும் மரணமோ ஆஸ்பத்திரி சேர்க்கையோ குறிப்பிடும்படி குறையவில்லை. வயதானவர் சாப்பாட்டையே வெறுத்து இளைத்துப் போவது அதைவிட மோசம். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்பதை அவருடைய டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் பாத்ரூம் போய்விட்டு, டிஃபனுக்கு முன்னால், தினமும் அதே மாதிரி லுங்கியோடு நிற்க வைத்து எடையைக் காலண்டரில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ மூன்று நாளில் இரண்டு கிலோவோ கூடினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை அப்பாவுக்கு 1.3 கிலோ ஏறியிருந்தது. போன் செய்தோம், நீர் மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூட்டினார்கள், இறங்கிவிட்டது. எத்தனை அப்பளம்ப்பா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் கேட்டால் மூன்று என்கிறார்.