பறவை எண்ணுவதால் பள்ளிக்கரணை பிழைத்துவிடுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்காக ஏதாவது செய்ய ஆசை. விசாரித்தால் "ஞாயிற்றுக்கிழமை வந்து பறவை எண்ணுங்கள்" என்கிறார்கள். இதனால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா, இல்லை பொழுதுபோக்குதானா?

பதில்: நீங்கள் ஐ.டி.யில் இருப்பவர் என்று நினைக்கிறேன். ஆபீஸிலிருந்து வேனில் கூட்டிப் போய், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் மாட்டி, பிளாஸ்டிக் பொறுக்க வைத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு வந்த சந்தேகமாக இருக்கலாம். பிளாஸ்டிக் பொறுக்குவதை நான் குறை சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வந்துவிடாதீர்கள். ஆனால் அந்த வேலை அன்று மாலையே கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்ணும் வேலை அப்படித் தெரியாது. அதனாலேயே அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். விலங்கியல் படித்ததில்லை. காக்கையையும் மைனாவையும் தவிர வேறு பறவை தெரியாமல்தான் பறவை எண்ணும் குழுவில் சேர்ந்தேன். முதலில் எனக்குக் கொடுத்தது நாமக்கோழிகளை. கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை. நூற்றுக்கணக்கில் தண்ணீரில் மிதக்கும், நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாறும், நடுவில் நாலு முங்கிவிடும். ஒவ்வொன்றாக எண்ணினால் விடியாது. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, அதையே மிச்சத்தின் மேல் வைத்துக்கொண்டு போக வேண்டும். நோட்டுக்கட்டு எண்ணிய கைக்கு இது சுலபமாக வந்தது. எங்களுக்குச் சொல்லித் தந்த பெரியவரின் விதி ஒன்றே ஒன்று: "சந்தேகம்னா சின்ன நம்பரை எழுதும்மா."

சும்மா தலை எண்ணுவதோடு முடிவதில்லை. ஒரே இடம், ஒரே நேரம், வெயில் நம் முதுகில் விழும் பக்கம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, சேறு தெரிகிறதா, சம்புக் கோரை எதுவரை ஏறியிருக்கிறது, ஆகாயத்தாமரை மூடிவிட்டதா, எல்லாம் எழுத வேண்டும். ஜனவரி வந்தால் யாராவது நிருபர் போன் செய்து "இந்த வருஷம் பறவை குறைஞ்சிடுச்சாமே?" என்பார். மழை அதிகமாகித் தண்ணீர் ஏறி நின்றால், சேற்றில் மூக்கை விட்டுத் தின்னும் உள்ளானும் கருவால் மூக்கனும் அங்கே நிற்க முடியாது. ஆழம் குறைந்த வேறு ஏரிகளுக்குப் போய்விடும். அதே தண்ணீரில் முக்குளிப்பானும் வாத்தும் கொண்டாட்டமாக இருக்கும். பல வருடக் குறிப்பு கையில் இருந்தால்தான் எது குறைவு, எது இடமாற்றம் என்று சொல்ல முடியும்.

சரி, பயன் என்ன என்றுதானே கேட்டீர்கள். சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் அனுப்பும் மேல்பக்க ஏரிகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதை "அழகுபடுத்த" ஒரு திட்டம் வந்தது. சுற்றிலும் கரையைச் செங்குத்தாக உயர்த்திக் கல் பதிப்பது, நடுவில் கிண்ணம் மாதிரி ஆழப்படுத்துவது, நடைபாதை, விளக்கு. கருத்துக்கேட்பில் ஓர் அதிகாரி, "தெற்கு மூலைல வெறும் புல்லுதானே மேடம், பறவை எங்க இருக்கு?" என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்த மூலையில்தான் நீலத் தாழைக்கோழி இருக்கிறது. கோரைத்தண்டை வேரோடு இழுத்து, ஒரு காலால் கை மாதிரி பிடித்துக்கொண்டு, தோலை உரித்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை மட்டும் தின்னும். நாள், நேரம், எத்தனை, எத்தனை குஞ்சு என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவர் எதிர்த்துப் பேசவில்லை, ஜெராக்ஸ் கேட்டார். கடைசியில் மற்ற மூன்று பக்கமும் கல் ஏறியது. தெற்கு மூலை தோண்டாமல் தப்பியது. எங்கள் நோட்டால்தான் தப்பியது என்று நான் சத்தியம் செய்யவில்லை, பணம் பற்றாமலும் விட்டிருக்கலாம். ஆனால் நோட்டு இல்லாமல் போயிருந்தால் அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இருந்திருக்காது.

பள்ளிக்கரணையும் அப்படித்தான். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த இடம். அரசுக் கணக்கில் அது தரிசு, அதனால் குப்பைமேடு, சாலை, கட்டடம் என்று ஆளுக்கொரு பக்கம் கடித்தார்கள். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஏறியது. வழக்கு போட்டவர்கள், தெருவில் நின்றவர்கள், விஞ்ஞானிகள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. என்ன பறவை, எத்தனை என்று வருடக்கணக்காக எழுதி வைத்தவர்களுக்கும் உண்டு.

இதை எங்கள் அபார்ட்மெண்டில் சொல்லிப் பாருங்கள். 2025-இல் ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கி.மீ. வரையிலும் ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து, வாட்ஸ்அப் குரூப்பில் நான்தான் குற்றவாளி. "பறவைக்காரங்க கண்ணு வெச்சுதான் ரேட் இறங்குது" என்று எழுதுகிறார் செயலாளர். 2015 வெள்ளத்தில் முதல் மாடியிலிருந்து படகில் இறங்கியவர் அவர். சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் மழைநீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். கட்டைவிரல் ஒன்று போட்டார், அவ்வளவுதான். பறவை கிடக்கட்டும், மெயின்டனன்ஸ் கணக்கையாவது காட்டுங்கள் என்று கேட்டால் அதற்கும் கட்டைவிரல்தான். வாழ்நாள் முழுக்கக் கணக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவளுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்கள். சரி, அது வேறு கதை.

"மனுஷனுக்கே வீடில்லை, பறவையா முக்கியம்?" என்று யாராவது கீழே கருத்து எழுத வருவார். அங்கே கட்டுவது வீடில்லாதவருக்கா என்று விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வரட்டும்.

உங்களுக்கு: பைனாகுலர் இப்போது வாங்க வேண்டாம், முதல் சில வாரம் எங்களுடையதிலேயே பாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். பறக்கும் படம் கிடைக்கக் கை தட்டும் போட்டோக்காரர் நண்பர் இருந்தால் அவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மரக்கன்றோடு வராதீர்கள், சதுப்பில் மரம் நட்டால் அது சதுப்பாக இருக்காது. பொங்கல் நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-இலிருந்து நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எல்லாம் எழுதி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். உங்கள் பால்கனியிலிருந்தேகூடச் செய்யலாம். காக்கையையும் எண்ணுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.