கடைசி ரெண்டு பரிசுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கீங்க? போக்கிமான் கார்டு கேள்வி பதில்

போன ஞாயிறு சேலம் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் ஆட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரே புலம்பல். "ஆரம்பத்துல நல்லாத்தான் போகுதுண்ணா, கடைசியில கையில ஒண்ணுமே இல்ல." நின்று பதில் சொல்ல வெயில் விடவில்லை. எழுதி அனுப்புங்கள் என்றேன், அனுப்பிவிட்டீர்கள். நான் பகலில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். ராவின தூளைக்கூடப் பெருக்கி எடை போட்டு வைக்கிற இடம் அது. அந்தப் புத்திதான் கார்டு ஆட்டத்திலும் வேலை செய்கிறது.

புதியவர்களுக்கு நாலு வரி. டெக்கில் (உங்கள் கார்டுக் கட்டில்) சரியாக 60 கார்டு. அதிலிருந்தே கையில் 7, கவிழ்த்து வைக்கிற பரிசு 6. எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் பரிசு எடுக்கலாம், ஆறையும் எடுத்தால் வெற்றி. உங்கள் டர்ன் தொடங்கும்போது எடுக்க டெக்கில் கார்டே இல்லை என்றால் தோல்வி.

ஐந்து ரோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, நாலு பரிசு நான்தான் முதல்ல எடுக்கிறேன். அப்புறம் எதிராளி ஒரு இயோனோ போடுறான், அதோட நான் காலி. எங்க தப்பு?

தப்பு இயோனோ வந்த டர்னில் இல்லை தம்பி, அதற்கு மூணு டர்ன் முன்னாடி.

இயோனோ என்ற கார்டைப் போட்டால் ரெண்டு பேர் கையும் கலைந்து டெக்கின் அடிக்குப் போகும். பிறகு அவரவருக்கு எத்தனை பரிசு பாக்கியோ அத்தனை கார்டு. நீ நாலு எடுத்துவிட்டாய், பாக்கி ரெண்டு. ஆக ரெண்டு கார்டு, டர்ன் தொடங்கும்போது ஒன்று, மொத்தம் மூணு. இந்த மூணில் உருப்படியாக ஒன்றாவது வருமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார். மேலே 30 கார்டு இருக்கிறது, அதில் உனக்கு உதவுகிறது 6 என்றால், மூணில் ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு 50 சதவீதம். காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி. அதே 6 நல்ல கார்டு, ஆனால் மேலே 12 தான் இருக்கிறது என்றால் 91 சதவீதம். அதே ஆள், அதே டெக், அதே இயோனோ. குப்பையை முன்னாடியே வெளியே எடுத்தாயா, நல்லதை மிச்சம் வைத்தாயா என்பதில்தான் வித்தியாசம்.

மேட்டூர் அணையை நினைத்துக்கொள். ஜூன் 12இல் மதகைத் திறக்கிறார்கள், ஜனவரி 28 வரைக்கும் தண்ணீர் போக வேண்டும். 120 அடி நிறைந்து கிடக்கிறதே என்று குறுவைக்கே மொத்தத்தையும் விட்டுவிட்டால் சம்பாவுக்கு எங்கே போவது? உன் டெக்கில் கார்டு இழுக்கிற சப்போர்ட்டர் (உதவியாளர் கார்டு) நாலு இருக்கிறது என்று முதல் நாலு டர்னில் நாலையும் போட்டுவிடுகிறாய். டர்னுக்கு ஒரு சப்போர்ட்டர்தான் என்ற விதி இருப்பதால் அடித்து ஆடுகிற மாதிரித் தோன்றும். ஐந்தாவது டர்னில் மதகுக்குக் கீழே மணல்.

நான் செய்வது: ஆட்டம் தொடங்கியதும் கடைசி ரெண்டு பரிசை எதை வைத்து எடுக்கப் போகிறேன் என்று முதலில் முடிவு செய்வேன். பெரும்பாலும் அது பாஸஸ் ஆர்டர்ஸ் (எதிராளியின் பெஞ்சில், அதாவது பின்வரிசையில், இருப்பதை முன்னால் இழுக்கும் சப்போர்ட்டர்), ஒரு தாக்கும் போக்கிமான், அதற்கான எனர்ஜி. இந்த மூன்றிலும் ஒவ்வொன்று டெக்கிலோ கையிலோ உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு டர்னிலும் கேட்டுக்கொள்வேன். இல்லையென்றால் வேகத்தைக் குறைப்பேன்.

இன்னொரு நுணுக்கம், இதைப் பலர் கவனிப்பதில்லை. இயோனோவில் உன் கை *அடிக்கு*ப் போகிறது. டெக்கைத் தேடுகிற கார்டு போட்டால் ஷஃபிள் ஆகி அடியில் போனது மேலே கலந்துவிடும். உன் கையில் இருந்தது குப்பை என்றால், முடிந்தவரை தேடாதே, அது அடியிலேயே கிடக்கட்டும். தங்கம் என்றால் எதையாவது தேடி ஒரு ஷஃபிள் போட்டுவிடு. அதனால்தான் எதிராளி டர்னுக்கு முன் நல்லதை மேசையில் இறக்கிவிட்டு, உதவாததைக் கையில் வைத்துக்கொண்டு முடிப்பேன். எதிராளியே என் குப்பையைக் கூட்டி ஓரம் கட்டிவிடுகிறார்.

எந்தக் கார்டுக்கு இப்போது அனுமதி என்பது மாறிக்கொண்டே இருக்கும், கீழே ஓரத்தில் இருக்கிற எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இயோனோ இல்லாத காலத்திலும் கையைக் கலைக்க ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அம்மாபேட்டை: அப்போ முதல் டர்ன்லயே தேவையில்லாததை எல்லாம் இழுத்து டெக்கை இளைக்க வெச்சிடலாமே?

இது யூடியூபில் பார்த்துவிட்டு வருகிற நோய். 46 கார்டு டெக்கில் ஒரே ஒரு கார்டைத் தேடி 7 இழுக்கிறீர்கள் என்றால் வாய்ப்பு 15.2 சதவீதம். முதலில் ரெண்டு கார்டை வெளியே எடுத்துவிட்டு 44இல் இழுத்தால் 15.9. இதற்காகவா ரெண்டு தேடும் கார்டைச் செலவழித்தீர்கள்? அதையே டெக் 12 ஆன பிறகு செய்து பாருங்கள்: 58 சதவீதம் 70 ஆகிறது. இளைக்கிற வேலை பின்பாதியில்தான் பலன் தரும். முன்பாதியில் தேடுவது பெஞ்சை நிரப்பத்தான்.

கொண்டலாம்பட்டி: அல்ட்ரா பாலுக்கு எந்த ரெண்டைத் தூக்கிப் போடறதுன்னு தெரியாம அஞ்சு நிமிஷம் முழிக்கிறேன்.

அல்ட்ரா பால் என்பது கையிலிருந்து ரெண்டு கார்டைத் தூக்கிப் போட்டு டெக்கிலிருந்து ஒரு போக்கிமானைத் தேடி எடுக்கிற கார்டு. தூக்கிப் போடுவதில் எது திரும்பி வரும் என்று பாருங்கள். சூப்பர் ராட் என்ற கார்டு டிஸ்கார்டிலிருந்து (தூக்கிப் போட்ட குவியலிலிருந்து) மூன்று கார்டு வரை டெக்குக்குத் திருப்பும், ஆனால் போக்கிமானும் அடிப்படை எனர்ஜியும் மட்டும்தான். சப்போர்ட்டர் போனால் பெரும்பாலும் போனதுதான். ஆகவே கையில் ஒரு எனர்ஜியும் ஒரு பாஸஸ் ஆர்டர்ஸும் இருந்தால், "இப்போ பாஸ் தேவையில்லையே" என்று அதைத் தூக்காதீர்கள்.

எனக்கு நடந்தது. ரெண்டாவது டர்னில் பாஸைத் தூக்கிப் போட்டேன், இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம். அது பரிசில் கிடந்தது. எதிராளியின் பெஞ்சில் அடிபட்டு உட்கார்ந்திருந்த ஒன்றை இழுத்தால் ஆட்டம் முடிந்தது. இழுக்க ஆளில்லை. ஏழு டர்ன் அதைப் பார்த்துக்கொண்டே தோற்றேன்.

ஏற்காடு: பரிசுல என்ன போச்சுன்னு நீங்க உடனே சொல்றீங்களே, அது எப்படி? எனக்கு டெக்கைப் பார்த்தா தலை சுத்துது. அப்புறம், இங்க மழைக்காலத்துல மின்னுற கார்டெல்லாம் வளையுது.

60ஐயும் எண்ணினால் தலை சுற்றத்தான் செய்யும், இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறின மாதிரி. ஒற்றையாக வைத்திருக்கிற கார்டுகளை மட்டும் முதலில் தேடுங்கள். ஏஸ் ஸ்பெக் (டெக்குக்கு ஒன்றே ஒன்று வைக்கக்கூடிய கார்டு), ஒற்றைத் தாக்காளர், சூப்பர் ராட். ஒற்றைக் கார்டு பரிசில் போக வாய்ப்பு பத்தில் ஒன்று. ரெண்டு வைத்திருந்தால் ஒன்றாவது போக 19 சதவீதம், ரெண்டுமே போவது நூறில் ஒன்றுகூட இல்லை. பாஸை ரெண்டாக வைப்பதற்குக் காரணம் இதுதான். ஒற்றை முடிந்ததும் இரட்டை, கடைசியாக எனர்ஜி. நாலாக வைத்திருப்பதை முதல் தடவை விட்டுவிடுங்கள்.

பழக வீட்டில் தனியாகவே போதும். 7 எடுங்கள், 6 கவிழுங்கள், மீதியை 40 விநாடி பாருங்கள், பரிசை எழுதிவிட்டுத் திருப்புங்கள். காபி ஆறுவதற்குள் நாலு தடவை செய்யலாம். நான் ரெண்டு வாரம் செய்தேன்.

வளைவது ஈரப்பதத்தால். காகிதப் பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மின்னும் படலம் விரியாது, இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். விளையாட்டாக விடாதீர்கள்: டெக்கில் வளைந்தது எது என்று முதுகைப் பார்த்தே தெரிந்தால் போட்டியில் அது குறியிட்ட கார்டு, தண்டனை உண்டு. அதே கார்டில் மின்னாத பதிப்பு இருந்தால் அதைப் போடுங்கள்.

போனில் பாக்கெட் (போக்கிமான் கார்டு ஆப்) ஆடுகிறவர்: அதுல ஜெயிக்கிறேன், இங்க வந்தா உதை வாங்குறேன்.

அது வேறு ஆட்டம். 20 கார்டு, எனர்ஜி டெக்கில் இல்லை, மூணு புள்ளி எடுத்தால் முடிந்தது, பரிசும் கிடையாது. சேமிக்கிற பழக்கமே அங்கே வராது. அறுபது கார்டு ஆட்டத்துக்கு லைவ் என்ற இலவச ஆப் இருக்கிறது, அதில் பழகுங்கள்.

சூரமங்கலம், ஒரு அம்மா: பையன் ஆட்டத்துல ரொம்ப நேரம் யோசிக்கிறான். போட்டியில நேரம் பத்துமா தம்பி?

மூணில் ரெண்டு ஜெயிக்கிற சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடம்ங்க அம்மா. யோசிக்கட்டும், ஆனால் எதிராளியின் டர்னில் யோசிக்கட்டும். தன் டர்ன் வரும்போது முடிவு பாதி ஆகியிருக்க வேண்டும். முதல் ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால் அதை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்ததுக்கு நேரம் மிச்சப்படுத்தச் சொல்லுங்கள். பசங்களுக்கு இது கசக்கும்.

நாலு ரோடு, பத்தாம் வகுப்பு: என் பிரெண்டை அடிக்காமலே டெக்கை காலி பண்ண வெச்சு ஜெயிச்சேன். கையில பத்துக் கார்டு இருந்தும் அவன் இன்னும் ஏழு இழுத்தான். ஒரு வாரமா பேச மாட்டேங்குறான். தப்பாண்ணா?

விதிப்படி சுத்தமான வெற்றி கண்ணு. வேண்டுமென்றே மெதுவாக ஆடி நேரத்தைக் கடத்தினால்தான் தப்பு. அவனிடம் இதை மட்டும் சொல்: டெக்கில் எட்டுக் கார்டு இருந்தால் இன்னும் எட்டு டர்ன்தான் இழுக்க முடியும், எதிராளி தாக்காமல் சுவர் கட்டுகிறான் என்று தெரிந்த நிமிடமே இழுக்கிற சப்போர்ட்டரை நிறுத்திவிட வேண்டும். கையில் பத்துக் கார்டு இருந்தும் இன்னும் ஏழு இழுத்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவன் கோபம் உன் மேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா, ஆளுக்கொரு தட்டுவடை செட் என் செலவு. கையைக் கழுவிவிட்டுத்தான் கார்டு ஸ்லீவை (உறையை) தொட வேண்டும்.