கண் விழிக்க என்ன எடுத்துக்கொள்கிறீர்கள்? அவசரப் பிரிவு மருத்துவரிடம் கேள்வி பதில்

நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். இன்று இரண்டு மணி நேரம் உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறேன். டீ, காபி, டின்னில் வரும் எனர்ஜி பானம், மாத்திரை, உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் புகையிலை, ஊசி, தூக்கத்தைத் தள்ளிப்போட எதை எடுத்துக்கொண்டாலும் கேளுங்கள், திட்ட மாட்டேன். ஆனால் இந்த நிமிடம் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்: அம்மா, நாக்பூர் லோடு. கிளீனர் இல்லாம தனியாத்தான் ஓட்டுறேன். டீயும் கூல் லிப்பும் இருந்தா ரெண்டு ராத்திரி சமாளிச்சிடுவேன். போன வாரம் தாபாவுல ஒருத்தர் வெள்ளை மாத்திரை ஒண்ணு குடுத்தாரு. தூக்கமே வரல. ஆனா விடிகாலை நாலு மணிக்கு ரோட்டுல எருமை நிக்கிற மாதிரி தெரிஞ்சு பிரேக் அடிச்சேன். பார்த்தா ஒண்ணுமே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஹார்ட் வீக் ஆயிடுச்சாம்மா?

பதில்: தம்பி, நெஞ்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு அந்த எருமைதான் பயமாக இருக்கிறது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கான இடத்தில் உட்கார்ந்தால் கண்ணைக் கட்டும். டீயில் இருக்கும் கஃபீன் அந்த இடத்தில் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அடினோசின் வண்டியை விட்டு இறங்கவில்லை, கூட்டமாக நின்றுகொண்டே வருகிறது. கஃபீன் எழுந்ததும் மொத்தமாக உட்காரும். அப்போது மூளை உங்களைக் கேட்காமல் மூன்று நான்கு நொடி தானே தூங்கிவிடும். கண் திறந்தபடிகூட இது நடக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால் ஏறக்குறைய 90 மீட்டர், வண்டியில் ஆளே இல்லாத மாதிரி. இல்லாத எருமை தெரிவது, பாலம் வளைவது, ஓரத்து மரம் ஆள் மாதிரி நிற்பது எல்லாம் மூளை விழிப்புக்கும் கனவுக்கும் நடுவில் தடுமாறுவதற்கு அடையாளம். மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஒரு விடிகாலை நாலரை மணிக்கு ஓர் ஓட்டுநரைக் கொண்டுவந்தார்கள். நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் மோதியிருந்தார். வாயைத் திறந்து பார்த்தேன், கீழ் உதட்டுக்குள் கூல் லிப் பொட்டலம் ஈரத்தோடு அப்படியே இருந்தது. "நான் தூங்கவே இல்லம்மா, முழிச்சுத்தான் இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சாலையில் பிரேக் தேய்ந்த தடமே இல்லை என்று கூட வந்த காவலர் சொன்னார். தூக்கம் வரவில்லை என்பது வேறு, தூங்கத் தேவையில்லை என்பது வேறு.

அந்த வெள்ளை மாத்திரை என்னவென்று உங்களுக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. மூளையை முடுக்கிவிடும் ஆம்ஃபெட்டமின் வகையாக இருந்தால் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றும். பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. கண் எரிந்தாலோ, கடந்துவந்த ஊர் ஞாபகம் இல்லாமல் போனாலோ பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுங்கள். டீ வேலை செய்யவே இருபது முப்பது நிமிடம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ஆனால் இது அடுத்த ஊர் வரைக்கும்தான், இன்னொரு ராத்திரிக்கு இல்லை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே அடங்கும் நேரம், அப்போது ஓட்டாமல் இருக்கப் பாருங்கள். நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவில் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். உங்களைத் தனி ஆளாக நாக்பூர் அனுப்புகிறவருக்கும் அது தெரியாமல் இருக்காது.

நெஞ்சுக்கு: ஊர் திரும்பியதும் அரசு மருத்துவமனையில் பிபி பார்த்து, ஒரு ஈசிஜி எடுங்கள். மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐ.டி. இரவுப் பணி, சோழிங்கநல்லூர்: டாக்டர், வயது 27. ஒரு ஷிப்டுக்கு நாலு காபி, ரெண்டு டின். காலையில் வந்து படுத்தால் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடிக்கிறது. ஈசிஜி மூன்று முறை எடுத்தேன், நார்மல். ஆனாலும் ராத்திரி முழுக்க நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பரவாயில்லை, ஒரே தடவையில் 200ஐத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. 250 மில்லி டின்னில் 80 மில்லிகிராம் வரை இருக்கும். காபி டிகாக்‌ஷனைப் பொறுத்தது, பெரிய கோப்பையில் 100க்கு மேலும் போகும். உங்கள் கணக்கு 400ஐத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

உள்ளே போனதில் பாதி கழிய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவு மூன்று மணிக்குக் குடித்ததில் பாதி, காலை எட்டு மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் ஓடுகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. தூக்கம் குறைய அடுத்த நாள் இன்னொரு காபி, அதனால் இன்னும் தூக்கம் குறையும்.

விட்டுவிட்டுத் துடிப்பது பெரும்பாலும் இடையில் வரும் ஓர் அவசரத் துடிப்பு. இதயம் நன்றாக இருக்கிறவர்களுக்கும் வரும், தூக்கக் குறைவிலும் கவலையிலும் கூடும். ஈசிஜி எடுக்கும் அந்தச் சில நொடியில் அது வராமல் போகலாம். 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் நாடி பிடிப்பதை நிறுத்துங்கள். காபியை ஒரே நாளில் விடாதீர்கள், மண்டை பிளக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள். ஷிப்டின் முதல் பாதியோடு காபி முடிந்துவிட வேண்டும். துடிப்போடு மயக்கம் வந்தாலோ, உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலோ, இதய மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நீட் இரண்டாம் முறை, சேலம்: மேம், சீனியர் ஒருத்தங்க மோடாஃபினில் குடுத்தாங்க. படிச்சது மறக்காதுன்னாங்க. எக்ஸாம் வரைக்கும் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதேம்மா. நார்கோலெப்சி என்ற தூக்க நோய்க்கும், சில வகை ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் மருத்துவர் பார்த்து எழுதும் மருந்து அது. உடம்பிலிருந்து பாதி இறங்கவே அரை நாளுக்கு மேல் ஆகும். அரிதாகத் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரும். அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், வாய்க்குள்ளேயே தோல் உரிந்து தண்ணீர் விழுங்க முடியாமல் கிடந்தாள். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது. கடைசி வாரம் ஏழு மணி நேரம் தூங்கு.

தஞ்சாவூர்: கிரீன் டீயிலும் கஃபீன் உண்டா?

பதில்: உண்டு. காபியைவிடக் குறைவு.

ஓய்வுபெற்ற அதிகாரி, கோவை: முப்பது வருடமாக நான்கு மணி நேரம்தான் தூங்குகிறேன். ஐந்து காபி. ஒரு குறையும் இல்லை. எட்டு மணி நேரத் தூக்கம் சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு. மக்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: ஐயா, குறைந்த தூக்கமே போதும் என்று பிறந்தவர்கள் உண்டு. டிஇசி2 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால் ஒரு குடும்பத்தில் சிலர் ஆறு மணி நேரத்திலேயே தெளிவாக எழுவதை 2009இல் கண்டுபிடித்தார்கள். மிக மிக அரிது. மற்றவர்களுக்கு நடப்பதை 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பார்த்தது. 14 நாள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம் ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்கு இறங்கியது, நான்கு மணி நேரக்காரர்களுக்கு இரண்டு இரவு தூங்காத அளவுக்கு. ஆனால் கேட்டால் "லேசாத் தூக்கம் வருது, அவ்வளவுதான்" என்றார்கள். தன் குறை தனக்கே தெரியாமல் போவதுதான் இதில் ஆபத்து. மதியம் சாப்பிட்ட பிறகு என்ன செய்வீர்கள்?

கோவை: ஒரு மணி நேரம் கண் அசருவேன். அதெல்லாம் தூக்கக் கணக்கில் வராது.

பதில்: வரும். பேப்பர் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது?

கோவை: யாருக்குத்தான் கண் சொக்காது? என் அப்பா வயலில் மூன்று மணிக்கு எழுந்து வேலை செய்தவர்.

பதில்: அப்பா எட்டு மணிக்குப் படுத்திருப்பார். எட்டிலிருந்து மூன்று, ஏழு மணி நேரம். ராத்திரி குறட்டை உண்டா? பிபி மருந்து சாப்பிடுகிறீர்களா?

கோவை: குறட்டை உண்டு. பிபிக்கு மூன்று மாத்திரை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரவுப் பணி செவிலியர், மதுரை: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும் ஐயா. எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு. ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்றதை நான் போன்ல எடுத்துக் காட்டின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. இப்ப மெஷின் மாட்டித்தான் படுக்கிறாரு.

கோவை: என் வீட்டிலும் ஏதோ சொல்வாள். நான் காதில் வாங்குவதில்லை.

பதில்: இன்றைக்கு வாங்குங்கள். உங்களுக்குத் தூக்கம் தேவைப்படாமல் இல்லை, தூங்க முடியாமல் இருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். படுக்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நிற்கும், மூளை உலுக்கி எழுப்பும், இப்படி இரவு முழுக்க. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபிக்கு இது பெரிய காரணம். ஐந்து காபி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மனைவியிடம் கேளுங்கள், நடுவில் மூச்சு நிற்கிறதா என்று. நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போய்த் தூக்கப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அதுவரை நெடுந்தூரம் கார் ஓட்ட வேண்டாம்.

கோவை: கேட்டேன். நிற்கிறதாம். நாலைந்து வருடமாகவாம்.

பதில்: இந்த வாரமே போங்கள் ஐயா. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: பெரியவர் பிரச்சினை முடிஞ்சுதா மேம்? தினம் ஒரு டின் குடிக்கலாமா? (இதையே வேறு மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: கணக்கு மேலே இருக்கிறது, படியுங்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்று: டின்னை மதுவோடு கலக்காதீர்கள். போதை குறையாது, போதை தெரியாமல் போகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று டின்னிலேயே அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

ஐந்து மாத கர்ப்பிணி: காபியை அடியோடு விடணுமா?

பதில்: வேண்டாம். நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள், அதாவது சின்ன டம்ளர் ஒன்றோ இரண்டோ. கர்ப்பத்தில் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும்.

ஒரு தாய், ஈரோடு: மகனுக்கு 20 வயசு. ஜிம் போறான். அலமாரியில சிரிஞ்சும் சின்ன மருந்து பாட்டிலும் பார்த்தேன். மெஃபென்டெர்மின்னு போட்டிருக்கு. ராத்திரி தூங்கறதில்ல, கை நடுங்குது. கேட்டா விட்டமின்னு சொல்றான்.

பதில்: அம்மா, அது விட்டமின் இல்லை. ஆபரேஷன் டேபிளில் பிபி விழுந்தால் மயக்க மருந்து நிபுணர் கையில் எடுக்கும் மருந்து, ஆம்ஃபெட்டமினுக்கு உறவு. நோயாளியின் பிபியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது போடுவது. பளு தூக்க வேகம் வரும் என்று பையன்கள் தாங்களே குத்திக்கொள்கிறார்கள். பிபி எகிறி மூளையில் ரத்தம் கசியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பழக்கமானால் சந்தேகமும் பயமும் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலையும் எச்ஐவியும்.

பாட்டிலைத் தூக்கி எறிந்து சண்டை போடாதீர்கள், மறைத்து வேறு இடத்தில் போட்டுக்கொள்வான். "எனக்குத் தெரியும், பயமா இருக்கு, ஒரு தடவை பிபி மட்டும் பார்க்கலாம் வா" என்று கூப்பிடுங்கள். ஹெபடைட்டிஸ், எச்ஐவி பரிசோதனையும் அன்றே. கடும் தலைவலி, நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் ஏதாவது வந்தால் நேரே அவசரப் பிரிவு, பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள்.

பெயர் வேண்டாம், சென்னை: தம்பி மெத்ங்கிற போதைப்பொருள் எடுக்கறான்னு நினைக்கிறேன். மூணு நாளாத் தூங்கல. ஃபேன்ல கேமரா இருக்குன்னு கழட்டறான். போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயமா இருக்கு.

பதில்: இன்று இரவே கூட்டிப் போங்கள். தூக்கமின்மையும் மெத்தும் சேர்ந்து மனப்பிறழ்வு வந்திருக்கிறது, உடம்பு கொதித்தால் உயிருக்கே ஆபத்து. கேமரா இல்லை என்று வாதாடாதீர்கள். வெளிச்சத்தைக் குறைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். கத்தி, அரிவாளை எடுத்து வையுங்கள். தானே சிகிச்சைக்கு வரும் போதை அடிமையை, சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் பயன்படுத்தியதற்காகவும் வழக்கிலிருந்து காக்க போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. வழிகாட்ட 14446, கட்டணமில்லா எண். கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் 108.

எட்டு வயதுக் குழந்தையின் தந்தை: கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஎச்டி குறைபாட்டுக்கு மீத்தைல்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து தந்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்து பயமாகிவிட்டது. நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். மருத்துவர் எடை பார்த்து, பிபி பார்த்துக் கொடுப்பதும் தாபா மாத்திரையும் ஒன்றல்ல. பசி, தூக்கம் குறைந்தால் எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள்.

நாமக்கல்: அம்மா, மறுபடி நான்தான். கிருஷ்ணகிரி தாண்டி பங்க்ல நிறுத்தியிருக்கேன். ஓனர் மூணு தடவ போன் பண்ணிட்டாரு. நேத்து காலைல அஞ்சு மணிக்கு எழுந்தது.

பதில்: இப்போது இரவு ஒன்பதரை. நாற்பது மணி நேரம் ஆகிவிட்டது. 24 மணி நேரம் விழித்தாலே மூளை, ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் மது இருப்பது போல வேலை செய்யும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் சட்டம் ஓட்டுநருக்கு விடுவது 30. ஓனரிடம் இதைச் சொல்லுங்கள், டாக்டர் எழுதினார் என்று இந்தப் பதிலையே அனுப்புங்கள். இருபது நிமிடம் இப்போது போதாது. டீ வேண்டாம். உதட்டில் இருப்பதைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்து, விடியும் வரை படுங்கள்.

நாமக்கல்: சரிம்மா. போனை சைலண்ட்ல போட்டுட்டேன்.