புல்லில் ஓட்டம், தரையில் நொண்டல்: கிரேஹவுண்டின் கால் ஆணி (வாசகர் கேள்வி பதில்)

கே: எங்கள் கிரேஹவுண்ட் நாய்க்கு எட்டு வயது, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது. வலது முன்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. சிமென்ட் தரையிலும் தார்ச் சாலையிலும் மோசம். புல்வெளியில் விட்டால் ஒன்றுமே இல்லாததுபோல ஓடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பில் கோளாறு தெரியவில்லை. இரண்டு வாரம் வலி மருந்து கொடுத்தும் பலனில்லை. இனி எங்கே பார்ப்பது?

ப: பாதத்தின் அடியில். கெட்டித் தரையில் நொண்டி, மெத்தென்ற தரையில் சரியாக நடக்கிற கிரேஹவுண்டுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கால் ஆணி. தோளையும் முழங்கையையும் மாதக்கணக்கில் ஆராய்ந்துவிட்டுக் கடைசியில் விரலுக்கு வருவதுதான் பல நாய்களுக்கு நடக்கிறது.

எந்தக் கால் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நாய் உங்களை நோக்கி நடந்து வரும்போது தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும்; நல்ல காலை ஊன்றும்போது தாழும். பிறகு நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பாதத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரல் மெத்தையாகப் பாருங்கள். காய்ந்து அழுக்குப் படிந்த மெத்தையில் ஆணி கண்ணில் படாது. நனைந்ததும் கறுத்த தோலின் நடுவே சாம்பல் வெளுப்பில், விளிம்பு தெளிவாக, வட்டமாகத் தெரியும். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் போலக் கடினமாக இருக்கும். ஆரம்ப நிலையில் குண்டூசித் தலை அளவுப் புள்ளிதான். நாளானால் மெத்தையைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அதிகம் வருவது முன்கால்களின் நடுவிரல்கள் இரண்டில், அதாவது உள்பக்கத்துக் கட்டை நகத்தை ஒன்று என்று எண்ணினால் மூன்றாவதிலும் நான்காவதிலும். உடல் எடையில் பெரும்பங்கு இந்த விரல்களில்தான் இறங்குகிறது.

கடைசியாக அமுக்கிப் பார்க்க வேண்டும். நேராக அழுத்தினால் சில நாய்கள் பேசாமல் இருந்துவிடும். மெத்தையின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்து அமுக்கினால் வெடுக்கென்று காலை இழுக்கும். சாதுவான நாயும் அந்த நொடியில் கடிக்கக்கூடும், வாய்க்கட்டு போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆணி போலவே ஏமாற்றும் வேறு சிலவும் உண்டு. கண்ணாடித் துண்டோ முள்ளோ ஏறியிருந்தால் நொண்டல் திடீரென்று தொடங்கியிருக்கும், சிறு துளையோ சீழோ தெரியும். மரு என்றால் மேற்பரப்பு நார் நாராகப் பிரிந்திருக்கும். வெறும் காய்ப்பு பரவலாக இருக்கும், அதற்குத் தெளிவான விளிம்பு கிடையாது. நகம் வேரோடு வெடித்திருக்கிறதா, விரல் மூட்டு வீங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வலி மருந்து பலிக்காததில் ஆச்சரியம் இல்லை. செருப்புக்குள் கல் கிடக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதைப் போன்றதுதான் அது.

கே: மற்ற நாய்களுக்கு வராமல் இந்த இனத்துக்கே ஏன் வருகிறது?

ப: விப்பெட், லர்ச்சர் போன்ற உறவு இனங்களுக்கும் எப்போதாவது வரும். ஆனால் பெரும்பாலும் கிரேஹவுண்ட்தான். உடம்பில் கொழுப்பு குறைவு, விரல் மெத்தைக்கு உள்ளேயும் திண்டு போல் தாங்கும் கொழுப்பு குறைவு. விரல்கள் நன்றாக வளைந்து நிற்பதால் சுமை மெத்தை முழுவதும் பரவாமல் ஒரே புள்ளியில் குவிகிறது. அந்தப் புள்ளியில் தோல் தற்காப்புக்காகக் கெரட்டினை (நகத்தில் இருக்கும் கடினமான புரதம்) அடுக்கிக்கொண்டே போகும். அடுக்கியது கூம்பு வடிவில் இறுகி உள்நோக்கி அழுத்தும். பழைய வெட்டுக்காயத் தழும்பைச் சுற்றியும், முன்பு அடிபட்டுக் கோணலாகிப்போன விரலிலும், அதன் பக்கத்து விரலிலும் ஆணி உருவாவது உண்டு. சில ஆணிகளில் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது என்றாலும் காரணம் வைரஸ்தான் என்று கொண்டு செய்யும் வைத்தியத்தைவிட, சுமையைக் குறைக்கும் வைத்தியமே நம்பகமானது. வீட்டில் இருக்கும் இன்னொரு நாய்க்குத் தொற்றிவிடுமோ என்று பிரித்து வைக்கத் தேவையில்லை.

கே: மனிதர்களுக்கான கால் ஆணி பிளாஸ்டரை ஒட்டலாமா?

ப: வேண்டாம். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆணியை மட்டும் பார்த்துக் கரைக்காது, சுற்றியுள்ள நல்ல தோலையும் வெந்து போகச் செய்யும். நாய் அதை நக்கினால் வயிற்றில் புண் வரும். கால்நடை மருத்துவரே அளவு சொல்லிக் கொடுத்து, நக்க முடியாதபடி மூடி வைத்தால் மட்டும் வேறு விஷயம். இதைவிட ஆபத்தான இரண்டு களிம்புகள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கலாம். மருவுக்கும் தோல் புற்றுக்கும் தரும் ஃபுளோரோயுராசில், சோரியாசிசுக்குத் தரும் கால்சிபோட்ரியால். இரண்டும் கொஞ்சம் நக்கினாலே நாயின் உயிரைப் பறிக்கக்கூடியவை. குழாயைக் கடித்தால்கூடப் போதும். டீ ட்ரீ எண்ணெய் சேர்த்த பாதக் க்ரீமும் கூடாது.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கே: மருத்துவர் ஆணியைக் குடைந்து எடுத்தார். அன்றைக்கே நன்றாக நடந்தது. ஆறு வாரத்தில் மறுபடி நொண்டல். அவர் சரியாகச் செய்யவில்லையா? இதை நாங்களே வீட்டில் செய்துகொள்ளலாமா?

ப: சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆணியைக் குடைந்து எடுப்பது நிவாரணம், குணம் அல்ல. அடியில் கெரட்டினைச் சுரக்கும் தோல் அப்படியே இருக்கிறது, மேலிருந்து வரும் சுமையும் மாறவில்லை. பல நாய்களுக்கு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிவரும். அந்த இடைவெளியை நீட்டிப்பதுதான் வீட்டில் உங்கள் வேலை.

முறை இதுதான். பல் சுத்தம் செய்யப் பயன்படும், முனை மழுங்கிய சிறு கரண்டி போன்ற கருவியை ஆணியும் நல்ல தோலும் சேரும் விளிம்பில் வைத்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்குப் போவார்கள். விளிம்பு பிடிபட்டுவிட்டால் ஆணி தானாகவே பிரிந்து, சிறு கூம்பாக முழுதாக வெளியே வரும். பின்னால் ஒரு குழி நிற்கும். சரியாகச் செய்தால் ரத்தம் வராது, மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. ரத்தம் கசிந்தால் கருவி உயிருள்ள தோலுக்குள் போய்விட்டது என்று பொருள். அதோடு நிறுத்திவிட வேண்டும். மேலே தொடர்ந்தால் தழும்பு விழும், அந்தத் தழும்பே அடுத்த ஆணிக்கு அஸ்திவாரம்.

மருத்துவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்து, உங்கள் கையும் நாயின் பொறுமையும் ஒத்துழைத்தால் இதை வீட்டில் செய்யலாம். பிளேடும் கத்தியும் மட்டும் கூடவே கூடாது. நாய் ஒருமுறை உதறினால் போதும்.

குடைவதற்குத் துணிவு இல்லாதவர்கள் தேய்க்கலாம். அதற்குத் துணிவு வேண்டாம், ஒழுங்குதான் வேண்டும். பாதத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடையுங்கள். நகம் தேய்க்கும் அரத்தால் ஆணியின் மேற்பகுதியை மட்டும், மெத்தையின் மட்டத்துக்கு வரும்வரை தேயுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். பேட்டரியில் சுழலும் நகத் தேய்ப்பான் வைத்திருந்தால் குறைந்த வேகத்தில், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நொடி மட்டும் தொட்டு எடுங்கள். சூடேறினால் நாய் அடுத்த முறை பாதத்தையே தராது.

தேய்த்த இரவில் மணமோ மருந்தோ கலக்காத பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி, காட்டன் உறை மாட்டி அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். அந்த நேரத்தில் நாய்க்குத் தீனி போட்டுக் கவனத்தைத் திருப்பினால் உறையைக் கடித்து இழுக்காது. நாள் முழுக்க ஊறப்போட்டு மெத்தையைக் கொழகொழவென்று ஆக்கிவிடாதீர்கள். ஆணியைச் சுற்றியுள்ள நல்ல தோல் உறுதியாக இருந்தால்தான் சுமையைத் தாங்கும்.

வாழைப்பழத்தோல், வினிகர், ஒட்டும் நாடா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டால் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. நாடாவை விரலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கும்.

கே: ஷூ போட்டால் நடக்கிறது, கழற்றினால் நொண்டுகிறது. எப்போதும் போட்டே வைக்கலாமா?

ப: வெளியே நடக்கும்போது போடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். வீட்டில் வழுக்கும் கெட்டித் தரை இருந்தால் நாய் அதிகம் நடக்கும் வழியில் தடித்த விரிப்புப் போடுவது ஷூவைவிட நல்லது. நாயின் பாதம் மெத்தை வழியாகத்தான் வியர்க்கிறது. ஈரத்திலேயே கிடந்தால் விரலிடுக்கில் பூஞ்சை வரும்.

கிரேஹவுண்டின் பாதம் நீண்டு குறுகலாக, முயல் பாதம் போல இருக்கும். உருண்டைப் பாதத்துக்குத் தைத்த ஷூ முன்னால் தளரும், பின்னால் சுழலும். எடையை ஊன்றி நிற்கும்போது பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அளவெடுங்கள், தூக்கிப் பிடித்து அளந்தால் சிறிதாகிவிடும். அடிப்பகுதியில் அமுங்கும் நுரைத் திண்டும் அதற்குக் கீழே வளையும் ரப்பரும் வேண்டும். மடங்காத தடித்த அடி கூடாது. பட்டை கட்டை நகத்துக்கு மேல் உரசுகிறதா என்று முதல் வாரம் தினமும் பாருங்கள். இந்த இனத்தின் தோல் மெல்லியது, ஒரே நடையில் கிழிந்துவிடும்.

நகங்களையும் குட்டையாக வையுங்கள். நீண்ட நகம் தரையில் முட்டி விரலைத் திருகும். எடையும் முக்கியம்: கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவதுதான் இந்த இனத்துக்குச் சரியான உடம்பு.

கே: அறுவை சிகிச்சையில் நிரந்தரமாகத் தீருமா? ஒருவர் ஆணியை வெட்டி எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் விரலையே எடுக்கச் சொல்கிறார், மூன்றாமவர் தசைநாணை வெட்டலாம் என்கிறார்.

ப: மூன்றும் மூன்று வேறு தர்க்கம்.

ஆணியை அடிவரை வெட்டித் தைப்பது பழைய முறை. புண் ஆறும்வரை வாரக்கணக்கில் கட்டு, தினமும் கண்காணிப்பு. சுமை மாறாததால் அதே இடத்தில் திரும்ப வருவது சகஜம். ஒரே ஒரு சிறு ஆணி, அதுவும் பழைய காயத்தையோ உள்ளே புதைந்த துகளையோ ஒட்டி வந்தது என்றால் யோசிக்கலாம்.

விரலை எடுத்தால் அந்த ஆணி நிச்சயம் போகும். ஆனால் அந்த விரல் தாங்கிய எடை பக்கத்து விரலுக்குப் போகிறது, சில மாதங்களில் அங்கே புது ஆணி. நடுவிரல்களை எடுப்பதில் இந்த ஆபத்து அதிகம். விரல் மூட்டே சிதைந்திருந்தால் தவிர, இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மூன்றாவது முறை அண்மைக் காலத்தில் பரவியது, சுமை என்ற மூல காரணத்தைத் தொடுவதும் அதுதான். விரலை மடக்கி வளைத்து நிறுத்தும் தசைநாண்களில் மேலோட்டமானதை, பாதத்தின் பின்பக்கம் சிறு கீறல் வழியாக எடுத்து, மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு சிறு துண்டை வெட்டிவிடுவார்கள். விரல் கொஞ்சம் தட்டையாகும். ஆணி இருக்கும் புள்ளியில் விழுந்த அழுத்தம் அகலமாகப் பரவும். ஆணியைத் தொடாமலேயே அடுத்த சில வாரங்களில் அது சுருங்குவதைப் பல நாய்களில் பார்க்க முடிகிறது. தையல் மெத்தையில் விழாததால் ஆறுவதும் எளிது. எல்லா நாய்க்கும் பலிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, பின்னாளில் வேறு விரலில் ஆணி வரலாம். இருந்தாலும் அடிக்கடி குடைந்து எடுக்க வேண்டியிருக்கிற நாய்க்கு மூன்றில் எது என்று கேட்டால், இதை முதலில் விசாரியுங்கள் என்போம். இதைச் செய்து பழகிய அறுவை நிபுணராக இருக்க வேண்டும்.

கே: மயக்க மருந்து கிரேஹவுண்டுக்கு ஆகாது என்கிறார்களே?

ப: எல்லா மருந்தும் அல்ல. தயோபென்டோன் போன்ற பார்பிச்சுரேட்டுகளை இந்த இனத்தின் கல்லீரல் மெதுவாகத்தான் கழிக்கும். நாய் மணிக்கணக்கில் எழாது. மாற்று மருந்துகள் இருக்கின்றன. அதிகம் கவனிக்க வேண்டியது ரத்தக் கசிவு. அறுவை அன்று எல்லாம் சரியாக இருந்து, 36 முதல் 48 மணி நேரம் கழித்துக் காயத்தைச் சுற்றிக் கன்றிச் சிவந்து ரத்தம் கசியத் தொடங்குவது இந்த இனத்தில் தெரிந்த சிக்கல். கசிவைத் தடுக்க உதவும் டிரானெக்சாமிக் அமிலமோ அமினோகாப்ரோயிக் அமிலமோ முன்கூட்டியே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் மூன்று நாள் நாயைத் தனியே விடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 50 முதல் 65 சதவீதம் வரை உயர்ந்தும், தட்டணுக்களும் தைராய்டு அளவும் குறைந்தும் இருந்தால் பதற வேண்டாம். மற்ற இனங்களுக்கான அளவுகோல் இவற்றுக்குப் பொருந்தாது.

கே: ஆணி எடுத்தாகிவிட்டது, குழி மட்டும் இருக்கிறது, அமுக்கினாலும் வலி இல்லை. ஆனாலும் நொண்டுகிறது. இப்போது புல்லிலும் நொண்டுகிறது.

ப: அப்படியென்றால் ஆணியை மறந்துவிட்டு மேலே பாருங்கள். ஒரே காலில் இரண்டு கோளாறு இருக்கலாம். தரை எதுவானாலும் மாறாத நொண்டல், இரவில் முனகல், மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ தோள்பட்டை அருகிலோ கெட்டியான வீக்கம் இருந்தால் எலும்புப் புற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நடுவயது தாண்டிய கிரேஹவுண்டுகளில் இது அரிதல்ல. பாதத்தை மட்டும் எடுத்த பழைய எக்ஸ்ரே இதற்கு உதவாது. தோளிலிருந்து விரல்வரை முழுக் காலையும் இரண்டு கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். படம் சுத்தமாக இருந்தும் நொண்டல் தொடர்ந்தால் மூன்று நான்கு வாரத்தில் இன்னொரு முறை எடுங்கள், ஆரம்ப நிலை முதல் படத்தில் பிடிபடாமல் போவதுண்டு. அதுவரை ஓட விடாதீர்கள். பலவீனமான எலும்பு ஒரு துள்ளலில் முறிந்துவிடும்.