அனலாக் சின்த்: நாதம் நன்றாக வர எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

கேள்வி: இரண்டு ஆசிலேட்டர் (ஒலி அலையைப் பிறப்பிக்கும் சுற்று) உள்ள மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும்) அனலாக் சின்த், அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் சின்தசைசர் ஒன்றை ஆறு மாதமாக வாசிக்கிறேன். பேஸ் ஒல்லியாக இருக்கிறது. சில சுரங்கள் கனமாகவும் சில சுரங்கள் சப்பென்றும் கேட்கின்றன. இதை விற்றுவிட்டு மூன்று ஆசிலேட்டர் உள்ளதை வாங்கினால் சரியாகுமா?

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள். நீங்கள் சொல்லும் குறை, ஆசிலேட்டர் எண்ணிக்கையால் வருவதில்லை. மூன்றாவதைச் சேர்த்தால் இன்னும் மோசமாகவும் ஆகலாம்.

இரண்டு ஆசிலேட்டர்களையும் ஒரே ஸ்தாயியில், ஒரே அளவில் வைத்து, சுருதியைச் சற்று விலக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேல் ஸ்தாயியில் அது அருமையான உத்தி. 440 ஹெர்ட்ஸில் 4 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலக்கினால் ஒலி நொடிக்கு ஒரு தடவை எழுந்து அடங்கும். அதே 4 சென்ட், 55 ஹெர்ட்ஸ் பேஸ் சுரத்தில் எட்டு நொடிக்கு ஒரு தடவைதான் எழுந்து அடங்கும். அந்தச் சுற்றில் ஒரு கட்டத்தில் இரண்டு அலைகளும் எதிரெதிராக நின்று அடிச்சுரத்தையே அழித்துவிடும். குறுகிய சுரங்களாக வாசிக்கும்போது, அந்தக் கட்டத்தில் மாட்டிய சுரம் சப்பென்று விழுகிறது. கையில் கோளாறு இல்லை, கருவியிலும் இல்லை.

இதற்குத் தீர்வு: அடிச்சுரத்தை ஒரே ஆசிலேட்டரிடம் விடுங்கள். முதல் ஆசிலேட்டரில் சாடூத், அதாவது ரம்பப்பல் வடிவ அலை, 16 அடி (8 அடிக்கு ஒரு ஸ்தாயி கீழே), மிக்சரில் (ஆசிலேட்டர்களின் அளவைக் கலக்கும் பகுதி) 6. இரண்டாவதில் சதுர அலை, 8 அடி, மிக்சரில் 4, டீட்யூன் (சுருதி விலக்கல்) 5 சென்ட். இப்போது அசைவு மேலே நடக்கும், அடித்தளம் அசையாது.

அடுத்து ரெசோனன்ஸ். ஃபில்டர் என்பது கட்ஆஃப் என்ற எல்லைக்கு மேலே உள்ள ஒலியைக் குறைக்கும் சுற்று; அந்த எல்லையை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் காட்டுவது ரெசோனன்ஸ். மூக் வகை லேடர் ஃபில்டரில் ரெசோனன்ஸ் ஏற ஏற பேஸ் இறங்கும். ஃபில்டரின் வெளியீட்டைத் திருப்பி உள்ளீட்டிலிருந்து கழிப்பதால்தான் ரெசோனன்ஸே பிறக்கிறது; கட்ஆஃபுக்குக் கீழே உள்ள ஒலியும் அதோடு சேர்ந்து கழிந்துவிடுகிறது. ஃபில்டர் தானாகவே விசிலடிக்கத் தொடங்கும் விளிம்பில், கணக்குப்படி சுமார் 14 டெசிபல் போய்விடும். பேஸ் பேட்சுக்கு (ஒரு ஒலிக்கான குமிழ் அமைப்பு) ரெசோனன்ஸ் 10-இல் 2-ஐத் தாண்ட வேண்டாம். சில கருவிகளில் இந்த இழப்பை ஈடுகட்ட ஒரு பேஸ் ஸ்விட்ச் இருக்கும். இருந்தால் போட்டு விடுங்கள்.

மூன்றாவதாக என்வலப், அதாவது சுரம் தொடங்கி முடியும்வரை ஃபில்டரையோ ஒலியளவையோ ஏற்றி இறக்கும் சுற்று. கட்ஆஃபை 3-இல் வையுங்கள். ஃபில்டர் என்வலப் அளவு 4. அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், டிகே (உச்சத்திலிருந்து இறங்கும் நேரம்) 250 முதல் 300 மில்லிசெகண்ட், சஸ்டெயின் (கீயை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) 2 அல்லது 3, ரிலீஸ் (கீயை விட்டபின் அடங்கும் நேரம்) 100 மில்லிசெகண்ட். கீபோர்டு டிராக்கிங் (மேல் சுரங்களுக்குக் கட்ஆஃபும் உயர்வது) பாதி. இப்போது ஒரே கீயை அடித்துக்கொண்டே டிகே குமிழை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். 80 மில்லிசெகண்டில் “டக்” என்று கட்டையாக விழும். 250-இல் “டவ்” என்று வாய் திறந்து மூடும். 600-ஐத் தாண்டினால் “டவ்வ்வ்” என்று இழுத்து அடுத்த சுரத்தின் காலில் விழும். பாட்டின் வேகத்துக்கு எது பொருந்துகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒலி கனமாக இருக்கிறது என்று காதுக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு இந்த ஒரு குமிழின் கைவண்ணம். சுரம் தொடங்கும் இடத்தில் “டிக்” என்று சொடுக்குச் சத்தம் வந்தால், ஒலியளவு என்வலப்பின் அட்டாக்கை 2, 3 மில்லிசெகண்ட் ஏற்றினால் போதும்.

இதையெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால் அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மிக்சர் குமிழ்கள் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து வைத்துத்தான் வாசிக்கிறேன். முரட்டு ஒலிக்கு ஓவர்டிரைவ் பெடல் ஒன்றும் வாங்கலாமா?

பதில்: முழுதாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றால் முரடு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அனலாக் கருவிகள் பலவற்றில் மிக்சர் 6, 7-ஐத் தாண்டும்போது சிக்னல் ஃபில்டர் தாங்கும் அளவை மீறி, அலையின் முகடு தட்டையாகும். அது ஒரு நிறம். எல்லாப் பேட்சுக்கும் அதே நிறத்தைப் பூசினால் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். எல்லாவற்றையும் 4-க்கு இறக்கிப் பாருங்கள். ஒலி தெளியும், ரெசோனன்ஸ் கூர்மையாகும். போன சத்தத்தைக் கடைசி வால்யூமில் ஏற்றிக்கொள்ளலாம்.

பெடல் வாங்கும் முன் உங்கள் கருவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளி ஆடியோவை உள்ளே வாங்கும் இன்புட் இருந்தால், கருவியின் சொந்த வெளியீட்டை அதிலேயே திருப்பிச் செருகலாம். 1970-இல் வந்த மினிமூக் மாடல் டி-யில் லோ அவுட்புட்டிலிருந்து எக்ஸ்டர்னல் இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டுப் பலர் செய்த உத்தி இது. ஒரே வெளியீடுதான் இருக்கிறது என்றால் ஹெட்ஃபோன் வெளியீட்டை எடுக்கலாம். ஆனால் அது ஸ்டீரியோ சாக்கெட். அதில் சாதாரண மோனோ பிளக்கைச் செருகினால் வலது சேனல் எர்த்தோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். ஒரு பக்கம் ஸ்டீரியோ பிளக், மறுபக்கம் இரண்டு மோனோ பிளக் உள்ள இன்செர்ட் கேபிளை வாங்கி, இடது சேனல் பிளக்கை மட்டும் பயன்படுத்துங்கள். இன்புட் அளவைப் பூஜ்யத்தில் தொடங்கி மயிரிழை மயிரிழையாக ஏற்றுங்கள். முதலில் அடிப்பகுதி தடிக்கும், பிறகு உறுமும், அதற்கு மேல் கட்டுக்கடங்காமல் அலறும். அந்த நேரம் ஹெட்ஃபோன் காதில் வேண்டாம்.

பெடல்தான் வேண்டும் என்றால், சுத்தமான ஒலியையும் கலக்கிக்கொள்ளும் பிளெண்ட் குமிழ் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கிட்டாருக்கென்று செய்த ஓவர்டிரைவ் பெடல்கள் பல நடுப்பகுதியைத் தூக்கி பேஸைத் தேய்த்துவிடும். பிளெண்ட் இருந்தால் பேஸை மீட்கலாம். சின்த்தின் வெளியீடு கிட்டாரைவிடப் பலமடங்கு பலமானது. ஆகவே வால்யூமை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கியபின் பெடலுக்குள் விடுங்கள்.

கேள்வி: கணினியோடு இணைத்தால் “ங்ங்ஈஈ” என்று மெல்லிய இரைச்சல் வருகிறது. மவுசை அசைத்தால் அதன் தொனி மாறுகிறது. விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம், அந்தப் பணம் வீண். மவுசோடு சேர்ந்து மாறும் இரைச்சல் ஆடியோ கேபிளிலிருந்து வருவதில்லை. யூஎஸ்பி வழியே கணினியின் எர்த் உங்கள் ஆடியோ எர்த்தோடு வளையமாக இணைவதால் வருகிறது. யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான்.

மலிவான வழி முதலில்: ஐந்து முள் உள்ள பழைய மிடி கேபிளால் இணையுங்கள். மிடி என்பது கருவிகள் சுரத் தகவலைப் பரிமாறும் முறை. 1983-இல் வந்த அந்த முறையில், வாங்கும் பக்கம் ஒளிவழித் தடுப்பு இருக்கிறது, எர்த் தாண்டாது. கணினிப் பக்கம் மிடி சாக்கெட் இல்லையென்றால் யூஎஸ்பி ஐசலேட்டர் (எர்த் இணைப்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் சாதனம்). அதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான ஐசலேட்டர்கள் பல நொடிக்கு 12 மெகாபிட் வரைதான் தாங்கும். மிடிக்கு அது தாராளம். ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) பலவற்றுக்குப் போதாது. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சின்த்தும் ஐசலேட்டர் வழியே இயங்காமல் போகலாம்.

மவுசுக்கு அசையாமல் “ம்ம்ம்” என்று ஒரே தாழ்ந்த தொனியில் வரும் ஹம் வேறு. அதற்கு, டிரான்ஸ்ஃபார்மரால் ஆடியோ எர்த்தைப் பிரிக்கும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி உதவும். எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

இன்டர்ஃபேஸில் லைன் இன்புட்டிலேயே செருகுங்கள், கிட்டார் இன்புட்டில் அல்ல. 24 பிட்டில் பதிவு செய்தால், உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றாலே போதும்.

கேள்வி: பழைய பாலிஃபோனிக் (ஒரே நேரத்தில் பல சுரம் ஒலிக்கும்) சின்த் ஒன்று விற்பனைக்கு வருகிறது. நேரில் போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: போகும் முன்பே விற்பவரிடம் அரை மணி நேரம் முன்னதாக ஆன் செய்து வைக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் போன பிறகு, குளிர்ந்த நிலையில் ஆன் செய்யட்டும். சூடானால் மட்டும் சரியாகும் கோளாறும், சூடானால்தான் தலைகாட்டும் கோளாறும் உண்டு. இரண்டையும் நீங்கள் கேட்க வேண்டும். முப்பது நிமிடமாவது அங்கே இருங்கள்.

பிறகு ஒவ்வொரு வாய்ஸாக, அதாவது ஒரு சுரத்தை ஒலிக்கும் ஒவ்வொரு தனிச் சுற்றாகக் கேளுங்கள். ஆறு வாய்ஸ் கருவி என்றால் ஒரு கீயை அழுத்திப் பிடித்து, அதை விடாமல் இரண்டாவது, மூன்றாவது என்று ஆறு கீ வரை சேர்த்துக்கொண்டே போங்கள். சாதாரண சாடூத், எஃபெக்ட் இல்லாமல், கோரஸ் அணைத்து. ஒரு வாய்ஸ் மட்டும் மங்கலாக, கரகரப்பாக, அல்லது விரலை எடுத்தபிறகும் மெல்ல ஒலித்துக்கொண்டே இருந்தால், அது பழுதுதான். 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-இல் இது பிரசித்தம். அதன் ஃபில்டரும் ஒலியளவுச் சுற்றும் அடங்கிய 80017ஏ என்ற சிப்பின் மேல்பூச்சு காலப்போக்கில் கெட்டு, சிப்பையும் கெடுக்கிறது. மாற்று சிப் கிடைக்கிறது. ஆனால் ஒன்று போனால் மற்றவையும் அதே வயது என்பதால் ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் ரசீது கேளுங்கள்.

1981-இல் வந்த கார்க் பாலிசிக்ஸ் என்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லியே தீர வேண்டும். அதன் நினைவகத்துக்கான ரீசார்ஜ் பேட்டரி கசிந்து, போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பேட்டரி இருந்த இடத்தைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அது வெறும் பேட்டரி மாற்றும் வேலை இல்லை, போர்டு வேலை. திறக்க மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கருவியின் பின்புறத் தகட்டில் வோல்டேஜைப் பாருங்கள். 100 வோல்ட்டுக்குச் செய்ததை அப்படியே 230-இல் செருகினால் கதை முடிந்தது. அடாப்டரில் ஓடும் கருவி என்றால் வோல்ட் மட்டும் பொருந்தினால் போதாது: ஏசியா டிசியா, நடுமுள் பிளஸ்ஸா மைனஸா, கரண்ட் போதுமா, மூன்றும் பொருந்த வேண்டும். கரண்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

கேள்வி: சுருதி நிற்பதில்லை. பழுதா?

பதில்: ஆன் செய்து இருபது, முப்பது நிமிடம் கழித்துச் சுருதி சேர்த்துப் பாருங்கள். அதன்பிறகும் விலகினால் ட்யூனரை வைத்து ஒரே சுரத்தை ஐந்து ஸ்தாயியிலும் அடியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் ட்யூன் குமிழே போதும். மேலே போகப் போக விலகல் பெருகினால் ஸ்கேல் சீரமைப்பு தேவை. தானியங்கி ட்யூன் வசதி இருந்தால் சூடான பிறகு அதை ஓட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் டிரிம்மர் என்ற சிறு திருகை சர்வீஸ் கையேடு பார்த்து நன்கு தெரிந்தவர் தொட வேண்டும். மூன்று, நான்கு சென்ட் அலைந்தால் விட்டுவிடுங்கள். அந்த அலைச்சல்தான் நாம் விரும்பும் உயிர்.

கேள்வி: குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது, அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழுக்கு அடியில் உள்ள, திருப்பினால் மாறும் மின்தடை) உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து, தூசியை ஒட்டவைக்கும். முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்தக் குமிழை முனையிலிருந்து முனைக்கு நாற்பது தடவை திருப்புங்கள். பாதிக் குமிழ்கள் இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் பொட்டென்ஷியோமீட்டருக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர். ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு துளி, மறுபடி முப்பது தடவை திருப்பல், காய ஒரு மணி நேரம். ஸ்லைடர் என்றால் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத, வழவழப்புத் தரும் ஃபேடர் வகை திரவம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 12 டெசிபல் ஃபில்டரா, 24 டெசிபலா? எது உசத்தி?

பதில்: உசத்தி தாழ்த்தி இல்லை. கட்ஆஃபுக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒலி எத்தனை டெசிபல் குறைகிறது என்பதுதான் அந்த எண். மினிமூக் 24, 1974-இல் வந்த ஓபர்ஹைம் எஸ்இஎம் 12. இரண்டும் இன்றைக்கும் ஆசையாகத் தேடப்படுகின்றன. பேஸ், லீட் என்று வாசிப்பவருக்கு 24 சீக்கிரம் கைவரும். கட்ஆஃபுக்கு மேலே உள்ளதை அழுத்தமாக மூடிவிடும். பிராஸ், பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான ஒலி), மேலே காற்றாடவிடும் ஒலிகள் என்றால் 12. இரண்டுக்கும் ஸ்விட்ச் உள்ள கருவி கிடைத்தால் அதை வாங்குங்கள். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, கீயை அடிக்கும் வேகம் (வெலாசிட்டி) ஃபில்டர் கட்ஆஃபைத் தொடுமா என்பது. சில கருவிகளில் அந்த வேகம் ஒலியளவுக்கு மட்டும்தான் போகும். அங்கே எவ்வளவு நுணுக்கமாக வாசித்தாலும் ஒலியின் நிறம் அசையாது. கடையில் ஒரே கீயை மெல்லவும் ஓங்கியும் அடித்துப் பாருங்கள். ஓங்கி அடிக்கும்போது ஒலி பெரிதாவதோடு பிரகாசமாகவும் ஆனால் அந்தக் கருவியைக் கையில் எடுங்கள்.